முதல் டம்ளர் குடித்த சிற்சபேசர்

திருவஞ்சேலூர் நகராட்சியில் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் பொறியாளராக இருந்தவர் சிற்சபேசர். தினமும் காலை ஐந்து மணிக்கு மேல்நிலைத் தொட்டியின் அடியில் வந்து நிற்பார். ஈரம் கசியும் தூணில் நெற்றியை வைத்து, ஊர்த்தெய்வமான அஞ்சேல்நாதரிடம் ஒன்றே ஒன்று கேட்பார்: இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. அதன் பிறகே குழாய் பிட்டர் சூசை வால்வைத் திறப்பார்.

தண்ணீர் குழாய்க்குள் ஓடத் தொடங்கியதும் சிற்சபேசர் தம் மொபெட்டில் அதை முந்திக்கொண்டு தோப்புத்தெருவுக்குப் போவார். அவர் வீடு இருந்த தெரு அது. ஊரின் கடைசிக் குழாயும் அங்கேதான். அதில் வரும் முதல் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, கண்ணை மூடி, கை நடுங்கக் குடிப்பார். குடங்களோடு நிற்கும் பெண்கள் அதுவரை காத்திருப்பார்கள்.

"என்ன சார், இன்னிக்கும் உயிரோட இருக்கீங்களா? அப்ப நாங்க புடிச்சுக்கலாமா?" என்பாள் வரிசையில் முதலில் நிற்கும் பவுனம்மாள். தெருவே சிரிக்கும். அவரும் சிரிக்கப் பார்ப்பார்.

வேலையில் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்ட வாரத்தில் ஒரு தெரு முழுக்கக் காய்ச்சல் வந்தது. நான்கு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. அவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அவர் அதை நம்பவில்லை. அன்று புகுந்த பயம் பிறகு அவரை விட்டு வெளியேறவே இல்லை. கோடையில் குழாய் காற்றை மட்டும் ஊதினாலும், மழையில் மேன்ஹோல் மூடி அசைந்தாலும் அவர் உடனே ஓடிப்போய்ப் பார்ப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி இன்ஜினியர் என்றே பெயர்.

மாலையில் கோயிலுக்குப் போவார். எத்தனை முறை குளித்தாலும் சாக்கடை வாடை தம்மேல் இருப்பதாக அவருக்குத் தோன்றும். சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகியதும் உண்டு. ஆகையால் நந்திக்குப் பின்னால் நின்றே கும்பிடுவார். அந்தக் கோயிலின் உற்சவமூர்த்திக்கு ஒரு விசேஷம் உண்டு. அஞ்சாதே என்று காட்டும் கை, மற்ற ஊர்களில் வலக்கை, இங்கே இடக்கை. சிற்பி தூக்கக் கலக்கத்தில் செய்துவிட்டான் என்று ஊரார் வேடிக்கையாகச் சொல்வார்கள். சிற்சபேசர் அந்தக் கையைத் தினமும் பார்த்தார். பயம் மட்டும் குறையவில்லை.

பங்குனித் தேருக்கு முந்தின நாள் காலை. கடைசிக் குழாயில் டம்ளரைப் பிடித்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. குடித்தார். நாக்கின் அடியில் ஏதோ ஒன்று. நாற்றம் என்று சொல்ல முடியாது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது முகத்தில் படுமே, அது போல ஒன்று. பவுனம்மாள் குடத்தை நீட்டினாள். அவர் குழாயின் மேல் தம் உடம்பையே சாய்த்து மறைத்துக்கொண்டார்.

"புடிக்காதம்மா. யாரும் புடிக்காதீங்க" என்றார். சூசைக்குப் போன் செய்து வால்வை மூடச் சொன்னார். பத்து நிமிடத்தில் ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றது. தெருத்தெருவாக ஓடி, பிடித்த குடங்களையும் கொட்டச் சொன்னார். திட்டிக்கொண்டே கொட்டினார்கள்.

குளோரின் சோதனையில் மஞ்சள் நிறம் சரியாக வந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பிய தண்ணீரின் முடிவு வர இரண்டு நாள் ஆகும். மற்றவர்கள் குடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். நகராட்சித் தலைவர் வெற்றிவேந்தன் காரை விட்டு இறங்கும்போதே முகம் சிவந்திருந்தார். நாளைக்கு நாற்பதாயிரம் பேர் வருவார்கள். வெயிலில் தேர் இழுக்கும் கூட்டத்துக்குத் தண்ணீர் இல்லையென்றால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"ஏன்யா, நீ பயந்ததுக்கு ஊரு நாக்கு வறண்டு சாகணுமா?"

"பயமாத்தான் இருக்குங்கய்யா" என்றார் சிற்சபேசர். "விடலேன்னாலும் பயமா இருக்கு. விட்டா அதைவிடப் பயமா இருக்கு."

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வராவிட்டால் அவர் வேலையில் இருக்கமாட்டார், வேறு ஆள் வந்து வால்வைத் திறப்பார் என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனார்.

அன்று பகல் முழுவதும் சிற்சபேசர் தேடினார். குழாயும் சாக்கடையும் குறுக்கிடும் இடங்களில் எல்லாம் தோண்டிப் பார்த்தார். உடைப்பு எதுவும் இல்லை. சந்தேகம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. தேரடியில் சாக்கடையை ஒட்டிப் பல வருடங்களாகக் கைவிடப்பட்ட பழைய இரும்புக் குழாய் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதற்கும் புதிய குழாய்க்கும் நடுவே பழைய வால்வு ஒன்று இருந்தது. தேருக்காகச் சாலையைச் சீர்செய்தபோது, முந்தின நாள்தான் அந்த வால்வு இருந்த குழித்தொட்டி வெளியே தெரிந்தது.

சூசை நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "அது திறந்து கிடந்துச்சு சார். நேத்து நான்தான் பதினாலு சுத்து சுத்தி இறுக்கினேன். இனிமே ஒரு சொட்டு உள்ள வராது."

மாலை நான்கு மணிக்குச் சிற்சபேசர் கோயிலில், நந்திக்குப் பின்னால் நின்றார். அந்தக் குழந்தையின் வீட்டு வாசல் கண்முன் வந்து வந்து போனது. தாம் பைத்தியக்காரனாக இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று வேண்டிக்கொண்டார். அப்போது குருக்கள் தேருக்காக உற்சவருக்கு மாலை மாற்றினார். பழைய மாலையை எடுத்ததும், பூவுக்குள் மறைந்திருந்த கை வெளியே வந்தது. எல்லாக் கோயிலிலும் வலம். இங்கே மட்டும் இடம்.

சிற்சபேசருக்குச் சட்டென்று பிடிபட்டது. எல்லா வால்வும் வலப்பக்கம் சுற்றினால் மூடும். மிகப் பழைய சில வால்வுகள் மட்டும் இடப்பக்கம் சுற்றினால் மூடும். மூடியிருந்ததைத்தான் சூசை, மூடுவதாக நினைத்துப் பதினாலு சுற்றுத் திறந்திருக்கிறார்.

செருப்பைக்கூடப் போடாமல் தேரடிக்கு ஓடினார். தாமே தொட்டிக்குள் இறங்கி, நீண்ட சாவியை மாட்டி இடப்பக்கம் திருப்பினார். அசைந்தது. சூசை மேலே நின்று எண்ணினார். பதினான்காவது சுற்றில் வால்வு இறுகி நின்றது. குழாயில் தேங்கியதை வெளியேற்றும் வால்வைத் திறந்தபோது முதலில் கலங்கலாகவும் பிறகு கறுப்பாகவும் கொட்டியது. அந்த நாற்றத்தை இப்போது எல்லோரும் அறிந்தார்கள். சூசை தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"உங்க மேல தப்பில்ல சூசை. இதுவரைக்கும் நாம பாத்ததெல்லாம் வலப்பக்கம்தான் மூடும்" என்று அவர் தோளைத் தொட்டார் சிற்சபேசர்.

குளோரின் போட்டுக் குழாய்களை மறுபடி மறுபடி கழுவினார்கள். விடியலில் கடைசிக் குழாயில் முதல் டம்ளரைக் குடித்துவிட்டுத் தலையசைத்தார். ஆறு மணிக்கு ஊருக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் முந்தின நாள் குடித்தது அவரை விடவில்லை. தேர் புறப்பட்ட நேரத்தில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். மருத்துவர் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். தேரைப் பார்க்க முடியவில்லையே என்றுகூட அவர் வருந்தவில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மட்டும் வருவோரிடமெல்லாம் கேட்டார்.

தோப்புத்தெரு முனையில் தேர் நின்றது. சக்கரத்துக்குக் கட்டை போடவில்லை, வடமும் அறுந்துவிடவில்லை. ஆயினும் அத்தனை பேர் இழுத்தும் நகரவில்லை. தேர்மேல் இருந்த குருக்களுக்கு என்ன தோன்றியதோ, சுவாமிக்குத் தாகம் போலிருக்கிறது, அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்து வாருங்கள் என்றார். சூசை சிற்சபேசரின் வீட்டிலிருந்து அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினார். பிடித்தார். தம்மை அறியாமல், சிற்சபேசர் தினமும் செய்வது போலவே ஒரு வாய் குடித்தார். பிறகுதான் தாம் செய்தது தெரிந்து திகைத்து நின்றார்.

"நான் குடிச்சுப் பாத்துட்டேன் சாமி" என்றார், அழுகிற குரலில்.

குருக்கள் ஒரு கணம் அந்த இடக்கையைப் பார்த்தார். "அப்படித்தான் கொண்டு வரணும், குடு" என்று வாங்கி நிவேதித்தார். தேர் நகர்ந்தது.

அந்த நேரத்தில் பாயில் கிடந்த சிற்சபேசரின் காதருகே ஒரு குரல் கேட்டது. "ஊருக்கெல்லாம் அஞ்சாதே என்று கை காட்டினோம். உனக்கு மட்டும் காட்டவில்லை. இவர்கள் அஞ்சாமல் தண்ணீர் குடிக்க, ஒருவன் அஞ்ச வேண்டியிருந்தது. இன்று நாமும் குடித்தோம். நன்றாக இருக்கிறது. தூங்கு."

அவர் தூங்கினார். எழுந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு, முன்பு போலவே பயந்துகொண்டு, தொட்டியின் அடியில் போய் நின்றார்.

நமக்காக நடுங்கிய அந்தக் கைகளை, தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வோம்.