நெஞ்சின் மேல் கை

முத்துவீரப்பன் செருப்பைக் கழற்றாமலே மங்கையம்மையின் மடத்துக்குள் வந்துவிட்டார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மங்கையம்மையைவிட வயதில் மூத்தவர்தான்; இருந்தாலும் அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

"தாயே, டாக்டரோட சண்டை போட்டுட்டு வர்றேன்."

மங்கையம்மை கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"எங்கம்மாவுக்கு இதயம் நின்னுபோனா, நெஞ்சை அமுக்கி எழுப்ப வேண்டாம்ங்கிறாங்க. உடம்பு அவ்வளவு தளர்ந்துபோச்சாம். அமுக்கினா விலா எலும்பு முறியுமாம். உயிர் திரும்பினாலும் மெஷின்லதான் கிடக்குமாம். முயற்சியே பண்ணாம விடறதுக்கு ஆஸ்பத்திரி எதுக்குன்னு கத்திட்டேன்."

"கத்தினதும் தெளிஞ்சுதா?"

"எங்க தெளிஞ்சுது? பஸ் ஏறி உட்கார்ந்ததும், அந்த டாக்டர் பொண்ணு சொல்றதுதான் சரியோன்னு பட்டுச்சு. அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள, அடப்பாவி, பெத்தவளைச் சாகவிடப் பார்த்தியேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். சாயங்காலம் பதில் சொல்லணும். அமுக்கச் சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா? நீங்களே சொல்லுங்க."

மங்கையம்மை கீரையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க. பார்த்துட்டு வருவோம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷகீலா, அவர் தாய் பொன்னுத்தாயின் கட்டிலருகே நின்றிருந்தாள். முத்துவீரப்பனைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"திரும்பவும் விளக்கணுமா சார்?"

"வேண்டாம்மா," என்றார் மங்கையம்மை. "அமுக்கறதுன்னா எந்த இடத்துல? இவருக்கு அதை மட்டும் காட்டு."

டாக்டர் தன் நெஞ்சின் நடுவில் தொட்டுக் காட்டினாள். "இங்கே. ரெண்டு கையையும் சேர்த்து, நல்ல பலத்தோட."

"அந்த இடத்துல கையை வைங்க. சும்மா வைங்க, போதும்," என்றார் மங்கையம்மை முத்துவீரப்பனிடம்.

முத்துவீரப்பன் தயங்கித் தயங்கிக் கையை வைத்தார். துணிக்குக் கீழே எலும்புகள் தனித்தனியாகத் தட்டுப்பட்டன. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை, தாயின் நெஞ்சில் பாதியை மூடிவிட்டது. அடியில் ஏதோ துடித்தது, நின்று நின்று.

பொன்னுத்தாய் கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

"யாரு... வீரனா?"

"நான்தாம்மா."

"கை வெதுவெதுன்னு இருக்குடா. எடுக்காதே."

"அம்மா, இவங்க ஒண்ணு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

பொன்னுத்தாய் மறுபடியும் மயக்கத்தில் ஆழ்ந்துவிட்டாள்.

"இப்ப அவங்களால அவ்வளவுதான் பேச முடியும்," என்றாள் டாக்டர் தணிந்த குரலில்.

முத்துவீரப்பன் கையை அசைக்கப் பயந்து, தலையை மட்டும் திருப்பினார்.

"கேட்டீங்களா தாயே? எடுக்காதேங்குது. கைவிட்டுடாதேன்னுதானே அர்த்தம்? அப்படின்னா அமுக்கத்தானே சொல்லணும்? இல்ல, அது வேறெதையோ சொல்லுதா? எனக்கு ஒண்ணும் விளங்கலையே!"

மங்கையம்மை மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து வந்து அவர் பின்னால் போட்டார்.

"கையை எடுக்க வேண்டாம்னாங்க, கேட்டுச்சு. அமுக்கச் சொன்ன மாதிரி எனக்குக் கேக்கலை."