தாடையின் முனை

எலும்பைப் பார்த்து உறவு சொல்லும் ஆசிரியை ஒருவர் இருந்தார். பெயர் மெஹருன்னிசா. எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்னால் செத்துக் கல்லாகிப் போன விலங்குகளில் எது எதற்கு நெருங்கிய சொந்தம், எது தூரத்துச் சொந்தம் என்று கண்டு சொல்வதுதான் அவர் வேலை. ஒரு கல்லூரியின் பின்பக்கத்தில், தகரக் கூரை வேய்ந்த கூடம் ஒன்றில் அவருடைய ஆய்வு நடந்தது.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு மாணவர். அருளப்பன். ஆசிரியையைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

அருளப்பன் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் பொறியாளராக இருந்தவர். எந்தப் பாறையில் வெடி வைப்பது என்று குறித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. அப்படிக் குறித்த பாறை ஒன்றில், வெடிமருந்து நிரப்பிய பிறகு, வரிசையாக விலா எலும்புகள் தெரிந்தன. வெடியை நிறுத்தினார். பாறையை அறுத்து லாரியில் ஏற்றி இந்தக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு சுரங்கத்துக்குப் போகவில்லை.

"இந்த வயசுல படிக்கப் போறீங்களா?" என்று அவர் மனைவி கேட்டார். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்.

அது கன்றுக்குட்டி அளவுள்ள ஒரு டைனோசர். எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

டைனோசர்களில் பெரிய கிளைகள் இரண்டு. இடுப்பின் அடியில் இருக்கும் ஓர் எலும்பு ஒரு கிளையில் முன்பக்கமாக நீண்டிருக்கும், பல்லிக்கு இருப்பதுபோல. மற்றக் கிளையில் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், பறவைக்கு இருப்பதுபோல. அருளப்பன் கொண்டுவந்த விலங்குக்கு அந்த எலும்பு பின்னால் சாய்ந்திருந்தது. பறவை இடுப்புக் கிளையைச் சேர்ந்த ஒன்று அந்தப் பாறையில் கிடைத்ததாக யாரும் அதுவரை எழுதியதில்லை.

அருளப்பன் எழுதினார். கட்டுரையின் கடைசிப் படியை ஆசிரியையின் மேசைமேல் வைத்தார். அவர் ஒப்புதல் தந்தால் மாலைக்குள் அனுப்பிவிடலாம். மறுநாள் காலை கல்லூரியில் பத்திரிகைக்காரர்கள் கூட்டம் நடப்பதாக இருந்தது.

மெஹருன்னிசா கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

"தாடை எங்க?"

"கல்லுக்குள்ள இருக்கு மேடம்."

"அது தெரியும். ஏன் இன்னும் கல்லுக்குள்ளயே இருக்கு?"

"அந்த இடத்துல கல்லு ரொம்பக் கெட்டி."

"கணுக்கால்லயும் கெட்டிதான். அதைத் திறந்துட்டீங்க."

அருளப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அவர் தாடையைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. பறவை இடுப்புக் கிளையில் பிறந்த விலங்குக்குக் கீழ்த்தாடையின் முனையில் தனியாக ஒரு சிறு எலும்பு உண்டு. பல் இருக்காது. அலகுபோல இருக்கும். வேறெந்தக் குடும்பத்துக்கும் அது கிடையாது. இடுப்பு ஏமாற்றினாலும் அந்த எலும்பு ஏமாற்றாது.

தொலைபேசி அடித்தது. துறைத் தலைவர். அவர் குரல் அருளப்பனுக்கும் கேட்டது. வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டதாம். வடக்கே ஒரு குழுவினர் இதேபோன்ற ஒன்றை அறிவிக்கப் போகிறார்களாம். நாம் ஒரு நாள் பிந்தினாலும் போச்சாம்.

மெஹருன்னிசா "சரி சார்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"ஃப்ளெக்ஸ்ல நம்ம விலங்கோட படம் இருக்கு. பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"வாயில என்ன வரைஞ்சிருக்காங்க?"

"அலகு."

"யார் பார்த்தா அதை?"

அருளப்பன் கட்டுரையில் இடுப்பின் படம் இருந்த பக்கத்தைப் புரட்டினார்.

"மேடம், இடுப்பு இவ்வளவு தெளிவா இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மெஹருன்னிசா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். கோழிக் குழம்பிலிருந்து பின்பக்கத் துண்டு ஒன்றை எடுத்தார். சதையைப் பொறுமையாகப் பிரித்தார். எலும்பைக் குழாயில் கழுவி, கொண்டுவந்து கட்டுரையின் முதல் பக்கத்தின்மேல் வைத்தார். காகிதத்தில் எண்ணெய் பரவியது.

கோழி இடுப்பின் அடியில் ஈர்க்குச்சிபோல மெலிந்திருந்த அந்தச் சிறு எலும்பை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது எந்தப் பக்கம் பார்க்குது?"

"பின்னால."

"உங்க கட்டுரைப்படி கோழி எந்தக் கிளை?"

அருளப்பனுக்குக் காது சூடாயிற்று.

"பறவை வந்தது பல்லி இடுப்புக் கிளையிலேர்ந்துன்னு முதல் வருஷம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும் மேடம். அதோட எலும்பு பிற்காலத்துல தனியா சாய்ஞ்சது. பேருதான் குழப்பமே தவிர, அதுக்கும் பறவை இடுப்புக் கிளைக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப சாய்ஞ்சிருக்குங்கிறதை மட்டும் வச்சு உறவு சொல்ல முடியாது."

"முடியாது."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"கட்டுரையில அது இல்லையே."

கூரைத் தகரம் வெயிலில் படபடவென்று சத்தமிட்டது. அருளப்பன் எழுந்துவிட்டார்.

"நான் எங்க போறது மேடம்? சுரங்கத்துல என் நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்தாச்சு. வீட்டுல எல்லாரும் நாளைக்குக் கிளம்பி வர்றாங்க. அந்த வடக்கத்திக் குழு முந்திட்டா, நான் அந்தப் பாறையை வெடிக்கவே விட்டிருக்கலாம்."

"எனக்கும் போக இடம் இல்ல" என்றார் மெஹருன்னிசா. "இந்தக் கூடத்தைக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கேக்குறாங்க. நாளைக்குக் கூட்டம் நடந்தா கேக்க மாட்டாங்க."

"அப்ப ஒப்புதல் குடுத்துடுங்க."

"தாடையைத் திறங்க. தர்றேன்."

"பக்கத்துல நின்னு பாருங்க மேடம். முனை மெல்லிசு. உடைஞ்சாலும் உடையும்."

"இல்ல. நான் வெளியே இருக்கேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அருளப்பன் மின்விசிறியை நிறுத்தினார். முகமூடி கட்டினார். காற்றழுத்தத்தில் துடிக்கும் ஊசியைக் கையில் எடுத்தார். மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு தொடங்கினார்.

கல் மாவாக உதிர்ந்தது. தாடையின் பின்பகுதி முதலில் வந்தது, புகையிலை நிறத்தில். பிறகு பற்களின் குழிகள். அவர் ஊசியை முன்னால் நகர்த்தினார். குழிகள் தொடர்ந்தன. இனி நின்றுவிடும், இனி நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார். குழிகள் நிற்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

முனைக்கு விரற்கடை தூரத்தில் கல்லுக்குள் ஒரு விரிசல் ஓடியிருந்ததை அவர் பார்த்தபோது, ஊசி அதைத் தொட்டுவிட்டிருந்தது.

மெல்லிய சத்தம். தாடையின் முனை பிரிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் சொரசொரப்பாக இருந்தது. வலது தாடை இடது தாடையோடு ஒட்டும் இடம். அந்த விளிம்புவரைக்கும் பற்குழிகள் இருந்தன. இடையில் வேறோர் எலும்பு உட்கார இடமே இல்லை. அலகு இல்லை. இருந்ததும் இல்லை.

அருளப்பன் விரல்களை மடக்கினார்.

கூடத்தில் யாரும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தார். மெஹருன்னிசா வேப்பமரத்தடியில் கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

காலடியில் கல்துகள் போடும் வாளி இருந்தது. அதில் இந்த அளவுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. மாலையில் அதைக் கொண்டுபோய்ச் சுவரோரம் கொட்டிவிடுவார்கள். கட்டுரையில் ஒரு வரி சேர்த்தால் போதும்: தாடையின் முனை கிடைக்கவில்லை. எத்தனையோ கட்டுரைகளில் அந்த வரி இருக்கிறது. யாரும் நிறுத்திக் கேள்வி கேட்கும் வரி அல்ல அது.

மடக்கிய கையை வாளிக்கு மேலே கொண்டுபோனார்.

போடுமுன் இன்னொரு தடவை பார்ப்போம் என்று விரித்தார். கடைசிக் குழியில் கல் அடைத்திருந்தது. கல்லுக்குள் ஏதோ மினுங்கியது. இன்னொரு கை தானாகப் போய்த் தூரிகையை எடுத்தது. தட்டினார், ஊதினார். குண்டூசியால் மெல்ல நெம்பினார். ஒரு பல். குழியைவிட்டு இன்னும் முழுதாக வெளிவராத, முளைத்துக்கொண்டிருந்த பல். லென்ஸை வைத்துப் பார்த்தார். அதன் ஓரத்தில் அரிவாள் கருக்குபோலப் பற்பற்களாக வெட்டு இருந்தது. இலை தின்னும் பறவை இடுப்புக் கிளைக்கு இப்படியா பல் இருக்கும்? அப்படியானால் இந்த இடுப்பு ஏன் இப்படி? கை எலும்பு எங்கே? தோள் எப்படி இருக்கும்?

வாளியின் ஓரத்தில் அவர் எவ்வளவு நேரம் குந்தியிருந்தாரோ தெரியாது. கால் மரத்துப்போன பிறகுதான் தான் என்ன செய்ய வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"மேடம், வந்து பாருங்க."

மெஹருன்னிசா வந்தார். அருளப்பன் கையை நீட்டினார். அவர் துண்டை வாங்காமல், அந்தக் கையிலேயே லென்ஸை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

தொலைபேசியை எடுத்தார்.

"சார், நாளைக்குக் கூட்டம் வேண்டாம். ஃப்ளெக்ஸை இறக்கச் சொல்லிடுங்க."

தலைவர் பேசினார். மெஹருன்னிசா தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவர் பேசி முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை.

அருளப்பன் வீட்டுக்குப் போன் செய்து, யாரும் கிளம்ப வேண்டாம் என்றார். மனைவி காரணம் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வடக்கத்திக் குழு முந்திக்கொண்டது. அவர்களுடைய விலங்குக்குத் தாடை முனையில் அலகெலும்பு இருந்தது. சந்தேகமே இல்லாமல் அது பறவை இடுப்புக் கிளை. பேரும் புகழும் அவர்களுக்குப் போயிற்று. கூடத்தின் பாதியில் கம்ப்யூட்டர்கள் வந்தன. நடுவே பலகை அடித்தார்கள். மீதிப் பாதியில் எலும்புகளை நெருக்கி வைத்துக்கொண்டு இருவரும் வேலை செய்தார்கள்.

மழைக்காலம் வந்து போன பிறகு, அருளப்பன் முன்னங்கையைத் திறந்தார். மணிக்கட்டில் பிறைநிலாபோல வளைந்த ஓர் எலும்பு இருந்தது. கையைச் சிறகுபோல மடக்க உதவும் எலும்பு. பறவைகளுக்கும் அவற்றின் நெருங்கிய சொந்தங்களுக்கும் மட்டும் அமைந்தது. தோளும் அதையே சொன்னது. பல்லும் அதையே சொன்னது. பல்லி இடுப்புக் கிளையில், பறவைக்குப் பக்கத்தில் எங்கோ அதன் இடம். எங்கே என்பதை இன்னும் தேட வேண்டியிருந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விசைப்பலகைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அருளப்பன் ஊசியைக் கீழே வைத்தார். வெகு நாளாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டார்.

"அன்னைக்கு நான் அந்தத் துண்டை வாளிக்கு மேல வரைக்கும் கொண்டுபோயிட்டேன் மேடம்."

மெஹருன்னிசா தலையை மட்டும் அசைத்தார்.

"நான் என்ன செய்வேன்னு பார்க்கத்தானே தனியா விட்டுட்டுப் போனீங்க?"

"உங்களைப் பத்தி நான் நினைக்கவே இல்ல."

"அப்புறம் ஏன் வெளியே போனீங்க?"

மெஹருன்னிசா பிறைபோன்ற எலும்பை எடுத்து, அதன் இடத்தில் பொருத்தினார்.

"உள்ள நின்னிருந்தா, அதை வாளியில போடுங்கன்னு நான் சொல்லியிருப்பேன்."