ஆனைப்புளியும் வீட்டுச் சாவியும்

வீட்டைப் பங்கு பிரிக்கலாம், மரத்தைப் பிரிக்க முடியுமா என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் அதற்கும் ஒரு வழக்கு வந்தது. நான் நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: இதில் ஒரு வாப்பா தன் மகளுக்குச் சொல்லும் வார்த்தையைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

எங்கள் கடற்கரை ஊரில் வீடு என்பது பெண்ணுக்கு. மகளுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் நிக்காஹ் முடிப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். அப்படி வந்து சேர்ந்தவர் கப்பல்காரர் செய்யிது மீரான். ஒரு பயணத்தில் ஆப்பிரிக்கக் கரையில், மொம்பாசாவில் காய்ச்சலும் வயிற்றோட்டமுமாகப் படுத்துவிட்டார். அந்த ஊர்க்காரி ஒருத்தி ஏதோ ஒரு காயை உடைத்து, உள்ளே இருந்த புளிப்பு மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக் கொடுத்தே அவரை எழுப்பி உட்காரவைத்தாள். பிழைத்து வந்தவர் அந்தக் கொட்டைகளை மனைவி வீட்டுக் கொல்லையில் ஊன்றினார்.

தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தார், ஒன்றும் முளைக்கவில்லை. ஒருநாள் மனைவி, சோறு வடித்த கொதிகஞ்சியைப் போகிற போக்கில் அங்கே கொட்டிவிட்டாள். "அவிச்சுட்டியே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் மனுஷன். அடுத்த மழைக்கு ஒரு கொட்டை முளைத்து நின்றது. அதன் தோல் அவ்வளவு கெட்டி, சூடு பட்டால்தான் இளகும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதுதான் எங்கள் ஆனைப்புளி. சிலர் பெருக்க மரம் என்பார்கள். அடிமரம் யானைக்கால், இலை ஐந்து விரல். வருஷத்தில் பாதி நாள் இலையே இருக்காது, வெளியூர்க்காரர்கள் மரம் பட்டுப்போனதாக நினைத்துத் துக்கம் விசாரிப்பார்கள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூ தலைகீழாக விரியும். வௌவால்கள் வரும். விடிந்தால் பூவெல்லாம் தரையில் கிடக்கும், நாங்கள் சண்டை போட்டுப் பொறுக்குவோம். வாடினால் நாறும். இந்த வயதில் அந்த நாற்றத்துக்குக்கூட மனசு ஏங்குகிறது. நோன்பு திறக்கும்போது அந்த மாவைச் சீனி போட்டுக் கரைத்துத் தருவார்கள். ஊரில் யாருக்கு வயிறு கெட்டாலும் கிண்ணத்தோடு அந்த வீட்டுக்குத்தான் ஓடுவோம்.

செய்யிது மீரானுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சுலைஹாவுக்கு நிக்காஹ் ஆனபோது வீடும் மனையும் அவளுக்குப் போயின. சின்னவள் மைமூன் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "லாத்தாவுக்கு வீடு. எனக்கு என்ன வாப்பா?"

"உனக்குன்னு வீடு இல்லாத வரைக்கும் இந்த மரம் உன்னோடது. நீ சம்மதிக்காம இதுல கோடாலி விழாது" என்றார் வாப்பா. சுலைஹாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

பின்னால் அடுத்த மனையில் மைமூனுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். மரத்தைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. வாப்பாவும் உம்மாவும் மௌத்தானார்கள். மைமூனுக்குப் பிள்ளை இல்லை, கணவரும் போய்ச் சேர்ந்தார். மரத்தடியைப் பெருக்குவதும், காயை உடைத்துக் கிண்ணத்தோடு வருகிறவர்களுக்கு மாவு கொடுப்பதும்தான் அவள் பொழுது.

இப்போது சுலைஹாவின் மகள் ரிஸ்வானாவுக்கு நிக்காஹ் பேசியாகிவிட்டது. வீடு கட்ட வேண்டும். சுலைஹா மனையில் மீதி இருந்த இடமெல்லாம் மரம் நின்ற இடம்தான்.

சுலைஹா தங்கையிடம் வந்தாள். "எனக்கும் வாப்பான்னா அந்த மரம்தான். வெட்ட எனக்கு மட்டும் மனசு வருமா? ஆனா வீடில்லாம எம் பொண்ணை எப்படிக் கட்டிக் கொடுப்பேன்? உனக்கு வீடு இல்லாத வரைக்கும்னுதானே வாப்பா சொன்னாங்க? உனக்குத்தான் வீடு இருக்கே, மைமூன்."

மைமூன் மரத்தடியைப் பெருக்கப் போய்விட்டாள். அக்கா சொன்னதில் தப்பில்லையே.

மறுநாள் காலையில் ஆட்கள் மரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மைமூன் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். தன் வீட்டுச் சாவியை அக்காவின் கையில் வைத்தாள்.

"ரிஸ்வானாவுக்கு. மனசாரத்தான் கொடுக்குறேன், லாத்தா. கோடாலியைக் கீழே போடச் சொல்லு."

சுலைஹா பதில் சொல்வதற்குள் ரிஸ்வானா குறுக்கே வந்தாள். "சாச்சியை வெளியேத்திட்டு நான் குடியேறணுமா? எனக்கு வீடே வேணாம். நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இருந்துக்குறேன்."

எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் சொல்லாத வார்த்தை அது. கயிறு கட்டியவன்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

இப்போது சொல்லுங்கள். வாப்பாவின் வார்த்தையைச் சொல்லி மரத்தைக் கேட்ட சுலைஹா, வீட்டைக் கொடுத்த மைமூன், வீடே வேண்டாம் என்ற ரிஸ்வானா, இதில் யார் செய்தது சரி? அந்த மரத்தில் கோடாலி விழலாமா, கூடாதா?

விடை: மைமூன் செய்ததுதான் சரி. சுலைஹா பேசியது முந்தின நாள் வரைக்கும் நியாயம். சாவி கைமாறியதும் மைமூன் மறுபடியும் வீடில்லாத மகள், அதனால் மரம் மறுபடியும் அவளுடையது. வாப்பாவின் வார்த்தைக்கு அவள்தான் உயிர் கொடுத்தாள். ரிஸ்வானா மனசு தங்கம், மறுக்கவில்லை. ஆனால் அவள் சொன்னபடி நடந்தால் சாவி சாச்சிக்கே திரும்பும். பிறகு மரம் வாப்பாவின் வார்த்தையில் நிற்காது, யாரோ ஒருவர் தயவில்தான் நிற்கும். இது சுலைஹாவுக்கும் விளங்கிவிட்டது. ஆட்களைக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள். சாவியை மகள் இடுப்பில் செருகினாள். தங்கையின் மூட்டையை வாங்கிக்கொண்டு, உம்மா படுத்திருந்த அறையைத் திறந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினாள்: "உள்ள வா. ஆனா இது என் வீடு. சாகிற வரைக்கும் உனக்குன்னு வீடு கிடையாது, ஞாபகம் வச்சுக்க."