மீதி ஆறு யானைகள்

யானைக்குக்கூட மாதச் சம்பளம் கொடுத்த ஒரு ராஜா புன்னைக்குடியை ஆண்டுவந்த காலம் அது. உட்காருங்கள், சொல்கிறேன்.

அந்த ஊரில் தமுக்கு அடித்துச் சேதி சொல்கிறவன் இடும்பன். அரண்மனையில் சொல்லி அனுப்புவதை மூன்று தெருவிலும் நின்று சொல்ல வேண்டும், அதுதான் வேலை. ஜனங்களுக்குச் சேதி பிடித்தால் அவன் துண்டில் ஒரு பிடி தானியம் விழும். பிடிக்காவிட்டால் கொட்டாவிதான் மிச்சம். ஆகவே இடும்பன் எந்தச் சேதியையும் கண் காது மூக்கு வைத்துத்தான் சொல்வான். கெட்டவன் இல்லை. கூட்டத்தைக் கண்டால் கொஞ்சம் சபலம், அவ்வளவுதான்.

ஒரு நாள் அரண்மனையிலிருந்து வந்த சேதி இது. பட்டத்து யானை மாணிக்கனுக்குக் காலில் முள் தைத்துப் புண். மூன்று நாளைக்கு யானைத்துறையில் யாரும் குளிக்க வேண்டாம்.

கீழத்தெருவில் இடும்பன் அதை உள்ளபடியே சொன்னான். இரண்டு பேரும் ஒரு நாயும் கேட்டார்கள். நாய் பாதியிலேயே எழுந்து போய்விட்டது.

நடுத்தெருவில், யானைக்கு மதம் பிடித்துவிட்டது என்றான். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள்.

மேலத்தெருவில், யாரோ வெல்லத்தில் எதையோ வைத்துக் கொடுத்ததால்தான் மதம் பிடித்தது என்றான். தெரு கொள்ளாத கூட்டம். "யாரு குடுத்தா?" என்று ஒருவர் கேட்டார். இடும்பன் வாயைத் திறக்கவில்லை. தமுக்குக் குச்சியை மட்டும் மெல்லத் தூக்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீட்டினான். அங்கேதான் வேலங்காடு இருந்தது. வாய்க்கால் தண்ணீருக்காகப் புன்னைக்குடியோடு வருஷம் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கும் ஊர். வாயால் சொல்லாதது பொய்யில் சேராது என்பது இடும்பனின் நினைப்பு.

துண்டு நிறையத் தானியம் கிடைத்தது. வீட்டுக்குப் போய்க் கூழ் குடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தான்.

சாயங்காலம், செக்கு ஓட்டும் ஆவுடை மூச்சிரைக்க ஓடி வந்தான். "அண்ணே, எந்திரி. வேலங்காட்டுக்காரன் ஏழு யானைக்கு மதம் ஏத்தி நம்ம ஊருக்குள்ள விடப் போறானாம். வெல்லத்துல மருந்தாம். ஊரே கம்போட ஆத்துக்குப் போவுது. இருட்டறதுக்குள்ள அக்கரையக் கொளுத்திடுவாங்க."

ஏழு யானை என்று கேட்டதும் இடும்பன் ஒரே தாவாகப் பரண்மேல் ஏறிவிட்டான்.

"நான் ஒருத்தி கீழ நிக்கறேனே, தெரியலையா?" என்றாள் அவன் மனைவி காத்தாயி.

பரணில் கொள்ளு மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்த இடும்பனுக்கு மெல்ல ஒரு சந்தேகம் வந்தது. வெல்லம். இந்த வெல்லத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே. யோசித்துப் பார்த்தால் அது அவனுடைய வெல்லம். காலையில் அவனே வைத்தது. அடுத்த நொடி பரணிலிருந்து குதித்தான். அவன் மகள் மயிலம்மையைக் கட்டிக்கொடுத்திருப்பது வேலங்காட்டில்தான்.

தமுக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆற்றில் முழங்கால் அளவே தண்ணீர். இக்கரையில் கம்பும் தீப்பந்தமுமாகப் புன்னைக்குடி. அக்கரையில் கடப்பாரையும் உலக்கையுமாக வேலங்காடு. முன்வரிசையில் உலக்கையோடு நின்றவள் மயிலம்மை.

இடும்பன் தமுக்கை அடித்து, "அந்தச் சேதி பொய்" என்றான்.

"வேலங்காட்டுக்காரன் உனக்கு என்ன குடுத்தான்?" என்றது கூட்டம்.

"அரண்மனையே சொல்லுது, பொய்தான்" என்றான்.

"அரண்மனை மறைக்குது" என்றது கூட்டம்.

இடும்பன் தமுக்கைக் கீழே வைத்தான். தமுக்கு இல்லாமல் அவன் ஊர்முன் பேசியது அன்றுதான். "பொய் சொன்னது நான். மதம்னு சொன்னதும் நான், வெல்லம்னு சொன்னதும் நான், குச்சிய அந்தப் பக்கம் நீட்டினதும் நான். யானைக்குக் கால்ல முள்ளு, அவ்வளவுதான். அதைச் சொன்னா நாய்கூட நிக்கல."

கூட்டம் குழம்பியது. "அப்படின்னா போய் யானைகிட்ட நில்லு, பாப்போம்" என்றார் நாட்டாண்மை.

சற்றுத் தள்ளி யானைத்துறையில் மாணிக்கன் காலைத் தண்ணீரில் வைத்தபடி நின்றிருந்தது. இடும்பன் போனான். தான் சொன்ன பொய் ஒருவேளை நிஜமாக இருக்குமோ என்று அவனுக்கே பயம். மாணிக்கன் துதிக்கையை நீட்டி அவனை மோந்து பார்த்தது. பிறகு அவன் தலைப்பாகையை உருவி வாயில் போட்டு மென்றது.

"ரெண்டு நாளா பத்தியம். பசி, பாவம்" என்றான் பாகன்.

ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். ஆனாலும் கம்பை யாரும் கீழே போடவில்லை. "இது சரி, அண்ணே. அந்த ஏழு யானை?" என்று கேட்டான் ஆவுடை.

"நான் சொன்னது ஒரு யானைதான், ஆவுடை. மீதி ஆறு யாரோடது?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"ரெண்டு என்னுது, அண்ணே" என்றான் ஆவுடை. "ஒண்ணுன்னு சொன்னா யாரும் கதவத் தொறக்கல."

"எனக்கும் ரெண்டு" என்றாள் மோர் விற்கும் ரங்கம்மா.

"ஒண்ணு நம்மளது" என்றார் ஒரு குயவர்.

மிச்சம் ஒன்று. நாட்டாண்மை துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அது குட்டிதான்ப்பா" என்றார்.

அதற்குமேல் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருக்கும் முகம் இல்லை. ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. அக்கரையில் மயிலம்மையும் உலக்கையைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கி வந்தாள்.

"உங்க ஊர்லருந்து பத்து யானை வருதுன்னு எங்க பக்கம் பேச்சு, அப்பா" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "அதுல ஒண்ணு நான் போட்டது."

இடும்பனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

யானையின் புண் ஆறியதும், இனி துறையில் குளிக்கலாம் என்ற சேதியை இடும்பன் மூன்று தெருவிலும் ஒரு சொல் கூட்டாமல் சொன்னான். கீழத்தெருவில் அதே இரண்டு பேரும் அதே நாயும்தான். நாய் இந்தத் தடவை கடைசிவரை இருந்தது.

ஒரு பொய்யை யார் தொடங்கியிருந்தாலும், அதோடு நாம் கூட்டி அனுப்பிய பங்குக்கு நாமேதான் பொறுப்பு.