அருவியில் ஒரு சொட்டும் குறையக் கூடாது

மின்சாரம் வந்துவிட்டது, ராஜாக்கள் இன்னும் போகவில்லை. அப்படி ஒரு காலம். முகிற்கோடு என்ற மலைநாட்டை கெம்பராயர் ஆண்டுவந்தார். அங்கே மலைக்கு மலை அருவி கொட்டியது. வெளிச்சத்துக்கு மட்டும் சமவெளி ராஜாவின் கம்பியை நம்பியிருந்தார்கள். அந்த ராஜாவுக்குக் கோபம் வந்தால் கம்பியில் மின்சாரம் வராது. கோபமோ அடிக்கடி வரும்.

ஒருமுறை சமவெளி ராஜா பாடிய கச்சேரியில் கெம்பராயர் கொட்டாவி விட்டுவிட்டார். பதினாறு நாள் மலைநாடே இருண்டது. பிரசவ விடுதியில் மருத்துவச்சி தீப்பந்தப் புகையில் இருமிக்கொண்டே மூன்று பிரசவம் பார்த்தாள்.

அரசவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன மருதாயிக்கு அதைக் கேட்டுப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, அருவி சும்மாதானே விழுகிறது? அடியில் சக்கரம் வைத்தால் மின்சாரத்தை நாமே எடுக்கலாமே!"

அமைச்சர் நஞ்சப்பன் துள்ளி எழுந்தார். சமவெளி ராஜாவுக்கு அவர் மச்சான்.

"அருவி அம்மனுடைய சொத்து! கை வைத்தால் நாடு அழியும்!"

கெம்பராயர் பயந்த சுபாவம். "சக்கரம் வை, மருதாயி. ஆனால் அருவியில் ஒரு சொட்டும் குறையக் கூடாது. குறைந்தால் உன் தலை போகும்."

"சொட்டை யார் எண்ணுவது, மகாராஜா?"

"நஞ்சப்பன் எண்ணுவார்."

மூன்று மாதத்தில் சக்கரம் சுற்றியது. முதல் விளக்கு பிரசவ விடுதியில் எரிந்தது. அரண்மனையிலும் எரிந்தது. நஞ்சப்பன் ஒரு பகல் முழுக்க ஓடைக்குள் நின்று, சக்கரத்துக்கு மேலேயும் கீழேயும் தண்ணீரை அளந்தார். ஒரு சொட்டும் குறையவில்லை. நனைந்த வேட்டியோடு அவைக்கு ஓடிவந்தார்.

"தண்ணீர் குறையவில்லை, மகாராஜா. ஆனால் அம்மனின் சக்தியையே இவள் திருடிவிட்டாள்! தலையை எடுங்கள்!"

மருதாயி முன்னால் வந்தாள்.

"திருடவில்லை, மகாராஜா. அம்மன் இதுவரை வருஷத்துக்கு ஒரு தடவைதான் தேரில் வருவாள். இப்போது தினமும் சாயங்காலம் கம்பி வழியாக வீட்டுக்கு வீடு எழுந்தருளுகிறாள். வேண்டாமென்றால் இந்த விளக்கை அமைச்சரே அணைக்கட்டும்."

கெம்பராயர் பதறிப்போய் பல்பைப் பார்த்துக் கும்பிட்டார். "அப்படியானால் இதன் முன்னால் செருப்பைக் கழற்ற வேண்டுமோ?"

"செருப்பு காலிலேயே இருக்கட்டும், மகாராஜா. ஈரக்கையோடு மட்டும் சுவிட்சைத் தொடாதீர்கள். அம்மன் நேரிலேயே தரிசனம் கொடுத்துவிடுவாள்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மருதாயிக்குப் போட்டார். "சமவெளிக் கம்பியில் இனி நம் துணிகளைக் காயப்போடுங்கள்!" என்றார்.

விளக்கை அணைக்கச் சுவிட்சு வரை போயிருந்த நஞ்சப்பன், சொட்டச் சொட்ட நின்றபடி, கையை மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டார்.