எருமை நிற்காத துறை

சேற்றுத்துறைக் குரங்கு செம்பிக்கு ஏரியின் அக்கரையில் வேலை. அங்கே சிங்கராஜாவின் பிடரியில் பேன் பார்ப்பாள். கூலி ஒரு சீப்பு வாழைப்பழம். அதை நம்பித்தான் அவள் குட்டிகளின் வயிறு இருந்தது.

அக்கரைக்குப் போக அரசாங்க எருமை உண்டு. எல்லாத் துறையிலும் நின்று, எல்லாரையும் சும்மா ஏற்றிக்கொண்டு, அசைபோட்டபடி நீந்தும்.

ஒருநாள் நரி ராஜாவிடம் போனது. "மகாராஜா! எருமைக்குத் தீனி போட்டே கஜானா கரையுது. எங்கிட்ட விடுங்க. மாசம் ஒரு மான் கொண்டாந்து தர்றேன்!"

மான் என்றதும் ராஜாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எருமையின் கயிறு நரியின் கைக்குப் போனது.

நரி எருமையின் கொம்புக்கு வர்ணம் பூசியது. முதுகில் மயில்தோகை மெத்தை விரித்தது. போக அரைச் சீப்பு, வர அரைச் சீப்பு என்றது.

"என் கூலியே ஒரு சீப்புதானே! பிள்ளைங்களுக்கு என்னத்தைக் கொடுப்பேன்?" என்று பதறினாள் செம்பி.

"மெத்தை சும்மாவா வருது?"

"மெத்தையை யாரு கேட்டா? நான் வாலைப் பிடிச்சிக்கிட்டே வர்றேன்!"

"வாலுக்கும் அதே கட்டணம்தான்!"

அடுத்த வாரத்திலிருந்து சேற்றுத்துறையில் எருமை நிற்பதே இல்லை. அங்கே லாபம் இல்லையாம்! ஏரியைச் சுற்றி நடந்தால் ஒரு பகல் போய்விடும்; குட்டிகளை யார் பார்ப்பது? பாவம் செம்பி, கசப்புக் காய்களைப் பறித்துக் கொடுத்தாள். குட்டிகள் முகத்தைச் சுளித்தன. பிறகு பசி தாங்காமல் தின்றன.

அக்கரையில் ராஜாவின் பிடரியில் பேன்கள் குடித்தனம் பெருக்கின. நடுச்சபையில், புலித் தூதன் முன்னால், ராஜா பின்னங்காலால் பறட்டுப் பறட்டென்று சொறிந்தார். மானம் கப்பலேறியது!

"நானே போய்ச் செம்பியைக் கூட்டிட்டு வர்றேன்!" என்று எருமை மேல் தாவி ஏறினார். "சேற்றுத்துறைக்கு விடு!"

"அங்கே நிக்காதுங்க, ராஜா. நரியார் உத்தரவு" என்றது எருமை.

"நான் ராஜா!"

"கயிற்றைக் கொடுத்ததும் நீங்கதானே!"

ராஜா இறங்கி, ஏரியைச் சுற்றி, சேற்றில் கால் புதையப் புதைய, சொறிந்துகொண்டே நடந்தார். செம்பியின் மரத்தடியில் தலையைக் குனிந்து நின்றார்.

"அம்மா, முதல்ல பேனைப் பாரு!"

"முதல்ல இந்தத் துறையில எருமை நிக்கட்டும், ராஜா!" என்றாள் செம்பி, குட்டியை இடுப்பில் ஏற்றியபடி.

மறுநாளே ராஜா கயிற்றைப் பிடுங்கினார். நரி மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

ஏழைகள் ஏறும் வண்டியை லாபத்துக்கு விற்பவர், அவர்கள் உழைப்பில் தாம் அனுபவிக்கும் சுகத்தையும் சேர்த்தே விற்றுவிடுகிறார்.