ஐப்பசி பதினேழின் ஓலை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வந்துவிடக்கூடிய ஒரு நாட்டில், செருவென்ற பெருமாள் என்றொரு ராஜா இருந்தார். செரு என்றால் போர். எந்தப் போரை வென்றார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ராஜாவுக்கு ஒருநாள் ஓர் ஆசை வந்தது. தம் முன்னோர் இதே தேதியில் என்னென்ன செய்தார்கள் என்பதைத் தினமும் காலையில் சபையில் வாசிக்க வேண்டும். ஓலைக்கட்டு எடுத்துவரப்பட்டது. வாசிக்கும் பொறுப்பு பிரதானி நாகலிங்கருக்குப் போயிற்று. அரண்மனை விகடகவி வாஞ்சியனுக்கு அதில் வயிற்றெரிச்சல். தன் குரல் வெண்கல மணி என்பது அவன் எண்ணம். கேட்டவர்கள் வேறு பாத்திரங்களின் பெயரைச் சொன்னார்கள். தலையில் முடி இல்லை, வயிற்றுக்கு எல்லை இல்லை, குரலாவது இருக்கட்டுமே என்று அவனும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஐப்பசி பதினேழாம் தேதி காலை, நாகலிங்கர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“பிரபு, அடியேனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இன்று வாஞ்சியன் வாசிக்கட்டுமே” என்றார்.

அடுத்த நாட்டுத் தூதுவர் வேறு சபையில் இருந்தார். வாஞ்சியன் துள்ளி எழுந்தான். இவ்வளவு நாள் தன்னைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனிதர் திடீரென்று ஏன் கருணை காட்டுகிறார் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. முன்கூட்டி ஒரு வரி படித்துப் பார்க்கவும் இல்லை. ராகம் போட்டு ஆரம்பித்தான்.

“ஐப்பசி பதினேழு! மகாராஜாவின் கொள்ளுப்பாட்டனார் மழை இருட்டில் எருமை மந்தையை எதிரிப் படை என்று எண்ணி, மூன்று காதம் ஓடினார்!”

ராகத்தில் ஏறியவனுக்கு இறங்கத் தெரியவில்லை.

“இதே நாளில் பாட்டனார் ஏரிக்கு மதகு கட்டித் திறந்துவைத்தார். மதகு ஏரியைவிட உயரத்தில் இருந்ததால் தண்ணீர் வரவில்லை, ஊரார் கேட்க வந்ததும் ஓடி ஒளிந்தார்! இதே நாளில் தந்தையார் புலியைக் கண்டு மரத்தில் ஏறினார். ஏணி வரும்வரை அங்கேயே வசித்தார்!”

தூதுவர் அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டார். ராஜாவின் முகம் சிவந்தது.

“நிறுத்து! இன்று மாலை விளக்கேற்றுவதற்குள், இதே தேதியில் என் வம்சத்து மன்னர் ஒருவர் செய்த பெருஞ்செயலை ஓலையில் எழுதிக் கொண்டுவா. தவறினால் ஆற்றுக்கு அப்பால் நாடு கடத்துவேன்.”

நாகலிங்கரின் தொண்டை அதற்குள் தேறிவிட்டது. “பிரபு, இவன் கற்பனையாக எதையாவது எழுதிவிடுவான். நேரில் கண்ட சாட்சி வேண்டும்” என்றார்.

“அப்படியே ஆகட்டும்” என்றார் ராஜா.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி அங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

“உங்கள அந்தப் பக்கம் அனுப்பினா, அந்த நாடு என்னங்க பாவம் பண்ணுச்சு?”

“அடியே!” என்று அழ ஆரம்பித்தான் வாஞ்சியன். “நேர்ல பாத்த சாட்சிக்கு எங்க போவேன்?”

“என்னிக்கோ நடந்ததுக்குச் செத்தவங்களையா கூட்டியார முடியும்? இன்னிக்கு நீங்க முழிச்ச முழியப் பத்திக் கேட்டா, சபையே சாட்சி சொல்லும்!”

வாஞ்சியன் அழுகையை நிறுத்தினான். அவளை ஒரு முறை பார்த்தான். உடனே எழுத்தாணியைத் தேடினான்.

மாலையில் சபை கூடியது. வாஞ்சியன் கையில் இரண்டு ஓலைகள் இருந்தன. இரண்டும் அவன் கையோடு சேர்ந்து நடுங்கின.

“மகாராஜா, முதல் ஓலை. ‘ஐப்பசி பதினேழு. முன்னோர் ஓலையை முன்கூட்டிப் பார்க்காமல் வாசித்த மொட்டைத் தலையன் ஒருவனை, செருவென்ற பெருமாள் நாடு கடத்தினார்.’”

“இது பெருஞ்செயலா?” என்றார் ராஜா.

“இல்லை, பிரபு. அதனால் இரண்டாவது. ‘ஐப்பசி பதினேழு. முன்னோர் கதையைச் சபை நடுவே கேட்டும், வாசித்த முட்டாளைச் செருவென்ற பெருமாள் தண்டிக்காமல் விட்டார். இந்த வம்சத்தில், இந்த நாளில், இருந்த இடத்தை விட்டு அசையாமல் நின்ற முதல் மன்னர் இவரே.’”

நாகலிங்கர் குதித்தார். “பிரபு, இது மோசடி! இது இன்னும் நடக்கவே இல்லையே!”

“அதற்காகத்தானே ஐயா நடுங்கிக்கொண்டிருக்கிறேன்” என்றான் வாஞ்சியன். “மகாராஜாவும் அந்த வம்சம்தானே? இன்றும் ஐப்பசி பதினேழுதானே? தாங்கள் கேட்ட நேர்சாட்சிகள் இதோ, தாங்கள் உட்பட நூறு பேர். இரண்டில் ஒன்று இப்போது நடக்கும். நடப்பது ஓலைக்கட்டில் சேரும். வருடா வருடம் இதே நாளில், எருமைக்கும் மதகுக்கும் மரத்துக்கும் அடுத்து வாசிக்கப்படும். எது என்பது மகாராஜாவின் சித்தம்.”

ராஜா ஓலைகளைப் பார்த்தார். தூதுவரைப் பார்த்தார். தூதுவர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

முதல் ஓலையை ராஜா இரண்டாக முறித்தார். வாஞ்சியனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. இரண்டாவதை நாகலிங்கரிடம் நீட்டி, “சாட்சி கேட்டவர் நீர்தானே? முதல் கையெழுத்தை நீரே போடும்” என்றார். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

“வாஞ்சியா, கீழே ஒரு வரி இடம் இருக்கிறதா?”

“இருக்கிறது, பிரபு.”

“எழுதிக்கொள். ‘மன்னர் அவனை விட்டது பெருந்தன்மையால் அன்று. அடுத்த ஆண்டு இதை வாசிக்கும்போது ஊர் தம்மைப் பார்த்துச் சிரிக்குமே என்ற பயத்தால். பயத்தில் அவரும் முன்னோர் வழியே.’”

சொல்லி முடிப்பதற்குள் ராஜாவுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தூதுவரும் அங்கவஸ்திரத்தை விட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி வாஞ்சியன் கழுத்தில் போட்ட ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கே, இப்போது அந்த நாலு பேர் கதையையும் சேர்த்து, ராகத்தோடு வாசி” என்றார்.